அயர்லாந்தும் பின்லாந்தும்

நமது நாட்டிலே மேடையேறுவோர் பிற தேசங்களை எடுத்துக்காட்டும்போது பெரிய தேசங்களையே நாடுவது வழக்கமாகிவிட்டது. ஜப்பானைப் பார், சீனத்தைப் பார், அமெரிக்காவைப் பார் என்கிறார்கள். பார்ப்பதில் தவறில்லை. ஆயினும், பல கோடி ஜனங்களும் பற்பல மாகாணங்களுமுள்ள ஒரு தேசத்தின் சரித்திரத்தில், எது எதனால் விளைந்தது என்று பிரித்தறிதல் எளிதன்று. சிறிய தேசங்களின் கதையோ தெளிந்த கிணற்று நீர்போல் அடிவரையில் கண்ணுக்குத் தெரிவது. ஐரோப்பாக் கண்டத்தின் இரண்டு கோடிகளில் கிடக்கும் அயர்லாந்து, பின்லாந்து என்னும் இரு நாடுகளை இன்று நேயர்களுக்கு முன் வைக்க விரும்புகிறோம்.

இரண்டின் ஜனத்தொகையும் இப்போது ஐம்பது லக்ஷத்துக்குச் சற்று மேல்; நமது பெரிய ஜில்லாக்கள் இரண்டைச் சேர்த்தால் அவ்வளவு வந்துவிடும். இரண்டும் பல நூற்றாண்டுகள் அயலாருக்கு அடங்கிக் கிடந்தவை. பின்லாந்து 1917-ஆம் வருஷம் டிசம்பர் 6-ஆம் தேதி தன் சுதந்தரத்தைப் பிரகடனஞ் செய்தது. அயர்லாந்தின் பெரும்பகுதி 1921 டிசம்பரில் செய்துகொண்ட உடன்படிக்கையால் தனி ராஜ்யமாயிற்று. இரண்டும் சுதந்தரம் வந்த கையோடு தம்முள்ளேயே போரிட்டு இரத்தஞ் சிந்தின. இரண்டும் சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டிலே கொடிய பஞ்சத்துக்கு இரையாயின. இவ்வளவு ஒத்திருந்தும், ஒரு தேசம் தன் தாய்மொழியைக் காத்துக்கொண்டது, மற்றது இழந்தது. இது எவ்வாறு நேர்ந்தது என்பதே நமது கேள்வி.

முதலில் இருவரையும் ஆண்டவர்களைப் பார்ப்போம். பின்லாந்து ஏறக்குறைய அறுநூறு வருஷம் ஸ்வீடனுடன் இணைந்திருந்து, 1809-இல் ருஷியச் சக்கரவர்த்தியின் கைக்கு மாறியது. அயர்லாந்தோ 1801-ஆம் வருஷம் முதல் பிரிட்டனோடு ஒரே ராஜ்யமாக இணைக்கப்பட்டு, லண்டன் பார்லிமெண்டின் காமன்ஸ் சபைக்கு நூறு அங்கத்தினரை அனுப்பும் உரிமை பெற்றது. ஒரு பக்கம் கேள்விமுறையில்லாத ஜார். மறுபக்கம் பார்லிமெண்டுகளுக்கெல்லாம் தாய் என்று போற்றப்பட்ட சபை. யாருடைய குடிகள் சுகமாயிருந்திருப்பர் என்று கேட்டால், பள்ளிக்கூடத்திலே ஆங்கில சரித்திரம் படித்த நம்மவரில் பத்துக்கு ஒன்பது பேர் அயர்லாந்து என்றே விடை சொல்வார்கள். உண்மை வேறு. முதலாம் அலெக்ஸாந்தர் போர்வோ நகரிலே பின்லாந்தின் பிரதிநிதிகளைக் கூட்டி, உங்கள் மதத்தையும் பழைய சட்டங்களையும் காப்பேன் என்று வாக்களித்தார். ஸ்வீடிஷ் காலத்து 1734-ஆம் வருஷச் சட்டத் தொகுதி அப்படியே நின்றது. ஹெல்சிங்கியில் தனி செனட் அமைந்தது. தனிப் பாங்கி 1812-இலும் தனி நாணயம் 1860-இலும் ஏற்பட்டன. பிரதிநிதி சபையை 1809-க்குப் பிறகு 1863 வரையில் கூட்டாமலே ஜார்கள் கடத்தினார்கள் என்பது மெய்தான். ஆயினும் நாட்டின் அன்றாட நிர்வாகம் நாட்டவர் கையிலேயே இருந்தது. அயர்லாந்துக்கு வோட்டு இருந்தது, நிர்வாகம் இல்லை. டப்ளின் கோட்டையிலிருந்த அதிகாரிகள் லண்டனுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்களேயன்றி அயர்லாந்துக்கு அல்ல. அந்நிய சபையில் நூறு நாற்காலிகளைவிட உள்ளூரில் ஒரு சிறிய கச்சேரி மேலானது என்று நாம் சொன்னால் சிலர் சிரிக்கக்கூடும். அவர்கள் பஞ்சக் கதையைக் கேட்கட்டும்.

1845 முதல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிரிலே ஒரு நோய் விழுந்து கிழங்கு அழுகியது. ஏழைக் குடியானவனுக்கு அதுவே காலையுணவும் மாலையுணவும். 1841-ஆம் வருஷக் கணக்கில் 80 லக்ஷத்துக்கு மேலிருந்த ஜனத்தொகை, 1851-இல் 65 லக்ஷமாகக் குறைந்தது. பத்து லக்ஷம் பேர் பசியாலும் பசியைத் தொடர்ந்து வந்த ஜ்வரத்தாலும் மாண்டனர். ஏறக்குறைய அத்தனை பேர் கப்பலேறி ஓடினர். ஜனங்கள் மடிந்த அதே நாட்களில் தானியமும் கால்நடைகளும் ஐரிஷ் துறைமுகங்களிலிருந்து ஏற்றுமதியாயின. நிவாரண வேலையை லண்டன் கஜானாவிலிருந்து நடத்திய அதிகாரி சார்லஸ் டிரெவிலியன் என்பவர். இலவசமாகச் சோறிட்டால் ஜனங்கள் சோம்பேறிகளாவார்கள் என்பதும், வியாபாரத்தில் சர்க்கார் தலையிடலாகாது என்பதும் அவருடைய சித்தாந்தம். பஞ்சத்திலே தெய்வத்தின் கையையே கண்டவர் அவர். இந்தப் பெயர் நமக்கும் புதிதன்று. 1859-இல் சென்னை மாகாணத்துக்கு கவர்னராக வந்து, வருமான வரி விஷயத்தில் மேலதிகாரிகளோடு பகிரங்கமாகச் சண்டையிட்டு அடுத்த வருஷமே திருப்பியழைக்கப்பட்டவர் இவரே. அந்தச் சண்டையில் அவர் நம் பக்கம் நின்றார் என்பதையும் நியாயத்துக்காகச் சொல்லிவிடுகிறோம். மனிதர் ஒரே அச்சில் வார்க்கப்படுவதில்லை.

பின்லாந்தின் பஞ்சம் 1866 முதல் 1868 வரை. 1867-இல் வசந்தமே வரவில்லை. ஜூன் மாதம் வரையில் ஏரிகளிலே பனிக்கட்டி கிடந்தது. தாமதமாக முளைத்த பயிரைச் செப்டெம்பர் உறைபனி கருக்கிவிட்டது. பைன் மரத்தின் உட்பட்டையை இடித்து மாவோடு கலந்து ரொட்டி சுட்டுத் தின்றார்கள். நூற்றுக்கு எட்டுப் பேர் மாண்டனர். அப்போது நாட்டின் பொக்கிஷத்தைப் பார்த்துக்கொண்டவர் யோஹான் வில்ஹெல்ம் ஸ்னெல்மன். இவரைப்பற்றிப் பின்னால் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தப் பெரியவரே கடன் வாங்குவதற்கு அஞ்சித் தயங்கினார். கடன் கிடைத்துத் தானியம் வாங்குவதற்குள் கடல் உறைந்து துறைகள் அடைபட்டன. ஆகவே உள்ளூர்க் கச்சேரி இருந்தால் பஞ்சமே வராது, தவறே நேராது என்று நாம் வாதிக்க வரவில்லை. ஒரு வித்தியாசத்தை மட்டும் குறிப்போம். பின்லாந்துக்காரர் தம் பஞ்சத்துக்குத் தம்மவரையே குற்றஞ் சாட்டி, வாதாடி, பாடங் கற்று மேலே நடந்தனர். அயர்லாந்தின் பஞ்சமோ அந்நிய ஆட்சியின் மீது தீராத வழக்காக நின்றுவிட்டது. அமெரிக்காவுக்குக் கப்பலேறியவர்கள் அந்த வழக்கையும் மூட்டையோடு கட்டிக்கொண்டு போனார்கள்.

இனி மொழி விஷயத்துக்கு வருவோம். இங்கே இரண்டு மனிதரை எதிரெதிரே நிறுத்த வேண்டும்.

ஒருவர் டேனியல் ஓ'கானல். கெர்ரி நாட்டிலே 1775-இல் பிறந்தவர். ஐரிஷ் மொழி கேட்டு வளர்ந்தவர். கத்தோலிக்கர் வக்கீல் தொழில் செய்யலாகாது என்றிருந்த தடை நீங்கியவுடன் அத்தொழிலில் புகுந்த முதல் தலைமுறையினர்; அயர்லாந்தின் கோர்ட்டுகளில் அவருக்கு ஈடு சொல்ல ஆளில்லை. கத்தோலிக்கர் பார்லிமெண்டில் உட்காரும் உரிமையை 1829-இல் வாங்கித் தந்தவர் அவரே. லக்ஷக்கணக்கில் கூடிய ஜனங்களை ஓர் அடிதடியின்றிக் கூட்டி ஓர் அடிதடியின்றிக் கலைக்க வல்லவர். அந்த மகான் தம் தாய்மொழி தேய்ந்து மறைவதைப் பற்றிக் கவலைப்படவில்லை. ஆங்கிலமே உலக வியவகாரத்துக்கு உகந்தது. ஐரிஷ் போனால் போகட்டும் என்பது அவர் கருத்து. கிராமத்துக் குடியானவன் தன் தலைவர் சொன்னதை மறப்பானா? 1831-இல் ஏற்பட்ட சர்க்கார் பள்ளிக்கூடங்கள் ஆங்கிலத்திலேயே போதித்தன. பிள்ளையின் கழுத்திலே ஒரு குச்சியைக் கட்டித் தொங்கவிட்டு, அவன் ஐரிஷில் பேசுந்தோறும் அதிலே ஒரு வெட்டு வெட்டி, மாலையில் வெட்டுகளை எண்ணி அடி கொடுக்கும் வழக்கம் பல இடங்களில் இருந்தது. இதை வாத்தியார் மட்டும் செய்யவில்லை; பெற்றோரும் கூடச் சேர்ந்து செய்தார்கள். மகன் பாஸ்டனுக்கோ நியூயார்க்குக்கோ போய்ப் பிழைக்க வேண்டும். அதற்கு ஆங்கிலம் வேண்டும். பஞ்சத்துக்குப் பின் இந்த எண்ணம் பேய்போல் பிடித்துக்கொண்டது. அந்தத் தகப்பன்மாரை ஏளனஞ் செய்ய நமக்கு யோக்கியதை இல்லை.

மற்றவர் ஸ்னெல்மன். 1806-இல், ஸ்வீடனின் தலைநகரான ஸ்டாக்ஹோமிலே ஒரு கப்பல் தலைவருக்கு மகனாகப் பிறந்தவர். வீட்டு மொழி ஸ்வீடிஷ். அக்காலத்தில் பின்லாந்தின் கோர்ட்டு, கலாசாலை, கனவான்களின் கூடம் எல்லாம் ஸ்வீடிஷ் மயம். நாட்டு ஜனங்களில் ஆறில் ஐந்து பங்குக்கு மேற்பட்டோர் பேசிய பின்னிஷோ வயலுக்கும் தொழுவத்துக்கும் உரியதென்று ஒதுக்கப்பட்டிருந்தது. ஸ்னெல்மன் குவோப்பியோ என்னும் சிற்றூரில் வாத்தியாராயிருந்துகொண்டு 1844-இல் 'சைமா' என்ற பத்திரிகையை ஆரம்பித்து, படித்தவர்களையெல்லாம் பார்த்துக் கேட்டார்: உங்கள் குடிகளின் பாஷையை நீங்கள் கற்காவிட்டால் இது ஒரு தேசமா? வேடிக்கை என்னவெனில், இதை அவர் ஸ்வீடிஷிலேயே எழுத வேண்டியிருந்தது. ஏனெனில் யாரைத் திருத்த வேண்டுமோ அவர்களுக்கு வேறு பாஷை தெரியாது. ஏறக்குறைய மூன்று வருஷத்தில் சர்க்கார் பத்திரிகையை நிறுத்திவிட்டது. பத்திரிகை நடத்துவோர்க்கு இது எவ்வளவு பழக்கமான கதை! 1850-இல் மதமும் விவசாயம் முதலிய தொழிலும் தவிர வேறெதைப் பற்றியும் பின்னிஷில் அச்சிடக்கூடாது என்றொரு தடையும் வந்தது. பதின்மூன்று வருஷத்துக்குள் காற்று மாறியது. ஸ்னெல்மன் செனட்டில் அமர்ந்து, இரண்டாம் அலெக்ஸாந்தர் பின்லாந்துக்கு வந்தபோது அவரிடமே கையெழுத்து வாங்கினார். 1863 ஆகஸ்டு 1-ஆம் தேதிய அந்த உத்தரவின்படி, கோர்ட்டுகளும் கச்சேரிகளும் பின்னிஷ் மனுக்களை உடனே ஏற்க வேண்டும். இருபது வருஷத்துக்குள், அதாவது 1883 முடிவதற்குள், தீர்ப்புகளையும் உத்தரவுகளையும் பின்னிஷிலேயே வழங்கவும் தயாராக வேண்டும்.

ஜாருக்கு இதிலே சுயநலம் இல்லாமலில்லை. பின்லாந்துக்காரர் ஸ்வீடனை மறந்தால் அவருக்கு நல்லதே. ஆனால் அரசன் எந்த நோக்கத்தோடு கதவைத் திறந்தாலென்ன? நுழைவதற்கு ஆயத்தமாய் நின்றவர்கள் இருந்தார்கள். எலியாஸ் லென்ரூட் என்ற ஜில்லா வைத்தியர் பல வருஷம் கரேலியக் காடுகளிலே கால்நடையாய்த் திரிந்து, முதியோர் பாடிய பழம்பாட்டுகளைக் கேட்டெழுதி, 1835-இலும் விரிவாக 1849-இலும் 'கலேவலா' என்னும் காவியமாக்கித் தந்திருந்தார். அதற்கும் முன்னே லூத்தர் சபைப் பாதிரிகள், வாசிக்கத் தெரியாதவனுக்குக் கல்யாணஞ் செய்துவைக்க மாட்டோம் என்று சொல்லியே குடியானவர் கையில் புத்தகத்தைக் கொடுத்திருந்தார்கள். மிக்கேல் அக்ரிகோலா பின்னிஷில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டது 1548-இல். அயர்லாந்தில் இது நேர்மாறாய்ப் போயிற்று. ஐரிஷில் பைபிளை அச்சிட்டவர்கள் ஆள்பவரின் மதத்தினர். ஆகவே அந்தப் புத்தகத்தையே ஜனங்கள் சந்தேகித்தனர். அவர்கள் நேசித்த கத்தோலிக்கக் குருமாரோ பெரும்பாலும் ஆங்கிலத்திலே படித்து வந்தவர்கள். பாட்டும் கதையும் நிறைந்த மொழியொன்று, எழுதப் படிக்கத் தெரியாத ஏழைகளின் வாயிலே மட்டும் நின்றது. அந்த வாய்களைத்தான் பஞ்சம் முதலில் மூடியது.

இந்த வித்தியாசத்தின் முழுப் பொருளையும் அறிய விரும்புவோர் ஒரு வழக்கைப் பார்க்க வேண்டும். வக்கீல் தொழிலில் இருந்தவர் எவரும் அதை வாசித்துவிட்டுச் சும்மா இருக்க முடியாது. 1882 ஆகஸ்டில், மேயோ, கால்வே ஜில்லாக்களின் எல்லையிலுள்ள மாம்ட்ராஸ்னா என்ற மலைக் கிராமத்தில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த ஐவர் கொலையுண்டனர். கைதானவர்களுள் மைல்ஸ் ஜாய்ஸ் என்பவர் ஒருவர். நடுத்தர வயதுக் குடியானவர். ஐரிஷ் தவிர வேறு மொழி அறியாதவர். விசாரணை நடந்தது டப்ளினில், ஆங்கிலத்தில். அரசாங்க வக்கீல் பேசியதும் தம் வக்கீல் பேசியதும் நீதிபதி பேசியதும் அவருக்கு ஒன்றே, ஓசை. ஜூரர்கள் சில நிமிஷங்களில் குற்றவாளி என்று வந்து சொன்னார்கள். தூக்குக்கு விதிக்கப்பட்ட வேறு இருவர், நாங்கள் குற்றவாளிகள்தாம், ஆனால் மைல்ஸ் ஜாய்ஸ் அங்கே இல்லை என்று வாக்குமூலங் கொடுத்தும் ராஜப்பிரதிநிதி மனமிரங்கவில்லை. டிசம்பர் 15-ஆம் தேதி கால்வே சிறையில் மூவரும் தூக்கிலிடப்பட்டனர். தூக்குமேடையிலும் தாம் நிரபராதி என்று ஐரிஷிலேயே சொல்லிக்கொண்டிருந்தார் அந்த மனிதர். நாவலாசிரியர் ஜேம்ஸ் ஜாய்ஸ் 1907-இல் ட்ரியெஸ்ட் நகர இத்தாலியப் பத்திரிகையொன்றில் இவ்வழக்கைப் பற்றி எழுதினார். கிழவரென்றும் எழுபது வயதென்றும் அவர் எழுதியது பிழை; அயர்லாந்தே அந்தக் கூண்டில் ஊமையாய் நின்றது என்று அவர் கண்டதோ பிழையன்று.

கோர்ட்டில் ஆங்கிலத்தைத் தவிர வேறு மொழி கூடாது என்று 1737-இலேயே அயர்லாந்தில் ஒரு சட்டம் இருந்தது. வட அயர்லாந்தில் அதை நீக்குவதற்கு 2022-ஆம் வருஷச் சட்டத்தில்தான் வகை செய்தார்கள் என்றால் நேயர்கள் நம்புவது கடினம். மைல்ஸ் ஜாய்ஸ் தூக்கிலிடப்பட்ட டிசம்பருக்கு அடுத்த டிசம்பரில், பின்லாந்துக் குடியானவன் தன் பாஷையிலேயே தீர்ப்பைக் கேட்டு வாங்கும் கெடு வந்து முடிந்தது. கெடுவுக்கு முதல் நாள் இரவே எல்லா நீதிபதிகளும் பின்னிஷ் கற்றுத் தேறிவிட்டார்கள் என்று நாம் சொல்லவில்லை. சட்டம் சட்டமாயிருக்க, உத்தியோகஸ்தர் அதை இழுத்தடித்ததும் உண்டு. ஆயினும் சட்டம் குடியானவன் பக்கத்தில் நின்றது.

பின்லாந்தின் புகழை மட்டும் பாடினால் இது வியாசமாகாது, ஸ்தோத்திரமாகும். அங்கே பாஷையின் வழக்கு தீர்ந்தது. நிலத்தின் வழக்கு தீரவில்லை. பிறர் நிலத்தில் குடிசை போட்டு, வாரத்துக்கு இத்தனை நாள் உழைத்துக் குத்தகையைக் கழித்த குடிகள் லக்ஷக்கணக்கில் இருந்தனர். 1906-இலேயே ஆண் பெண் எல்லாருக்கும் வோட்டுரிமை தந்து, அடுத்த வருஷம் 19 பெண்களைச் சபைக்கு அனுப்பி உலகை வியக்கவைத்த அந்நாடு, இந்தக் குடிகளை மறந்தது. 1918-இல் செந்தொண்டரும் வெண்தொண்டரும் மோதினர். முப்பது லக்ஷம் ஜனங்களுள் முப்பத்தாறாயிரத்துக்கு மேல் மாண்டனர். அவர்களுள் பன்னீராயிரம் பேருக்கு மேல் போர் முடிந்தபின் சிறைமுகாம்களிலே பசியாலும் நோயாலும் மாண்டவர்கள். ஒரே பின்னிஷ் மொழியிலேதான் இரு தரத்தாரும் ஒருவரையொருவர் சபித்துக்கொண்டார்கள். குத்தகைதாரர் நிலத்தை விலைக்கு வாங்கிக்கொள்ள உரிமை தரும் சட்டம் அதே வருஷம் அக்டோபரில், பிணங்களைப் புதைத்த பிறகு, வந்தது. அயர்லாந்துக்காரர் இதில் முந்திக்கொண்டனர். மைக்கேல் டேவிட் 1879-இல் தொடங்கிய நிலச் சங்கமும், மேயோவிலே பாய்காட் என்ற பண்ணை ஏஜெண்டுக்கு ஒருவரும் வேலை செய்யாமல் ஒருவரும் சாமான் விற்காமல் ஒதுக்கிவைத்த 1880-ஆம் வருஷப் போரும், கடைசியில் 1903-ஆம் வருஷ நிலச் சட்டத்தைக் கொண்டுவந்தன. சுதந்தரம் வருவதற்கு முன்பே ஐரிஷ் குடியானவரில் பெரும்பாலோர் நிலத்துக்குச் சொந்தக்காரராகிவிட்டார்கள். அந்த ஏஜெண்டின் பெயர் நமது பகிஷ்காரத்துக்கு ஆங்கிலப் பெயராய் நின்றது.

சுதந்தரத்துக்குப் பிறகு அயர்லாந்து மொழியை மீட்க முயலவில்லையா? முயன்றது. 1893-இல் கேலிக் சங்கத்தை ஸ்தாபித்தவர்களுள் ஒருவரான டக்ளஸ் ஹைட் என்னும் புராட்டஸ்டண்டு பாதிரியின் மகனையே 1938-இல் முதல் ஜனாதிபதியாக்கிற்று. 1937-ஆம் வருஷ அரசியல் சட்டத்தின் 8-ஆம் ஷரத்து ஐரிஷை முதல் ராஜ்ய மொழி என்கிறது. ஐரிஷ் வாசகமும் ஆங்கில வாசகமும் முரண்பட்டால் ஐரிஷ் வாசகமே நிற்கும். நமது அரசியல் சட்டத்து வழிகாட்டு நெறிகளுக்கு மாதிரியாயிருந்ததும் இந்தச் சட்டமே. பள்ளிக்கூடத்தில் ஐரிஷ் கட்டாயம்; 1973 வரையில் அதில் தேறாதவனுக்குப் பள்ளியிறுதிச் சான்றே கிடையாது. ஐரோப்பிய யூனியனில் 2007-இல் அது ராஜ்ய மொழிகளுள் ஒன்றாயிற்று. இவ்வளவும் செய்து, 2022-ஆம் வருஷக் கணக்கில் ஐரிஷ் பேசத் தெரியும் என்று சொன்னவர்கள் 18,73,997 பேர். பள்ளிக்கு வெளியே தினந்தோறும் பேசுவோர் 71,968. குழந்தைகளின் முதுகிலே தேசத்தின் கடனையெல்லாம் ஏற்றிவிட்டு, பெரியவர்கள் கோர்ட்டிலும் கடையிலும் காரியாலயத்திலும் ஆங்கிலத்திலேயே பேசிக்கொண்டிருந்தால் வேறென்ன நடக்கும்?

யேட்ஸும் ஷாவும் ஹீனியும் நோபெல் பரிசு பெற்றது ஆங்கிலத்தில் எழுதித்தானே, அயர்லாந்து தேசமில்லாமல் போய்விட்டதா என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. பின்னிஷில் எழுதி அப்பரிசு பெற்றவர் 1939-இல் சில்லன்பா ஒருவரே. இந்த ஆட்சேபம் இலேசானதன்று. அயர்லாந்து தேசமாய்த்தான் இருக்கிறது. பிறருடைய பாஷையை அந்தப் பிறரே பொறாமைப்படும்படி எழுதவும் செய்தது. ஆனால் கால்வே சிறையிலே மாண்டவனுக்கு யேட்ஸின் கவிதை துணை வரவில்லை. நாம் பேசுவது கவிகளைப் பற்றியன்று. கூண்டில் நிற்பவனைப் பற்றி.

பின்லாந்தும் இதை முழுதும் கற்றுக்கொண்டதாகச் சொல்ல முடியவில்லை. வடகோடியிலே கலைமான் மேய்த்து வாழும் சாமி ஜனங்களின் பிள்ளைகளை, விடுதிப் பள்ளிக்கூடங்களில் வைத்துப் பின்னிஷ் பேசும்படி செய்து, தாய்மொழியைப் பேசினால் தண்டித்தது இதே நாடுதான். 2021-இல்தான் அந்த அநீதிகளை ஆராய ஒரு விசாரணைக் குழுவை நியமித்தார்கள். ஸ்வீடிஷ் பேசும் நூற்றுக்கு ஐந்து பேருக்குச் சம உரிமை தந்து கோர்ட்டிலும் அம்மொழியை வைத்திருக்கும் தேசம், தன்னினும் எளியவரிடத்தே இவ்வாறு நடந்தது.

நமது கோர்ட்டுகளைப் பற்றி ஒரு வார்த்தை. ஜில்லா கோர்ட்டுகளில் தமிழிலே வழக்கு நடத்தவும் தீர்ப்பெழுதவும் சட்டத்தில் இடமிருக்கிறது. ஹைக்கோர்ட்டிலோ, அரசியல் சட்டத்தின் 348-ஆம் ஷரத்துப்படி ஆங்கிலமே நடக்கிறது. ஜனாதிபதியின் சம்மதத்தோடு கவர்னர் வேறு மொழியை அனுமதிக்கலாம் என்று அதே ஷரத்து சொல்கிறது. ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், பிஹார் ஆகிய நான்கு மாகாணங்களில் ஹிந்திக்கு அந்த அனுமதி கிடைத்திருக்கிறது. தமிழுக்கு வேண்டுமென்று நமது சட்டசபை 2006-இல் தீர்மானித்தது. சுப்ரீம் கோர்ட்டு நீதிபதிகள் அனைவரும் 2012 அக்டோபரில் கூடி இத்தகைய கோரிக்கைகளை ஏற்பதில்லை என்று முடிவு செய்தார்கள். ஹைக்கோர்ட்டிலே தன் அப்பீல் நடக்கும் தினத்தில், மதுரைப் பக்கத்துக் கிழவி ஒருத்தி பின்வரிசையில் உட்கார்ந்து இரண்டு பக்கத்து வக்கீல்களின் முகங்களையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருப்பதை நாம் கண்டிருக்கிறோம். என்ன தம்பி சொல்லுறாங்க என்று அவள் நம்மிடம் கேட்டாள். நாம் வெளியே அழைத்துப் போய்ச் சொன்னோம்.

மைல்ஸ் ஜாய்ஸுக்கு 2018 ஏப்ரலில், தூக்கிலிட்டு 135 வருஷத்துக்குப் பின், ஜனாதிபதி மைக்கேல் ஹிக்கின்ஸ் மன்னிப்புப் பத்திரத்திலே கையெழுத்திட்டார்.